நாலாயிரம் மந்திகளும் எண்ண முடியாத பாசியும்

காட்டில் இன்று உயிரோடிருக்கும் சோலைமந்திகள் ஏறக்குறைய 4,000. அவற்றில் இனம் பெருக்கும் வயதை எட்டியவை 2,500க்கும் குறைவு என்கிறது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. தெற்கே களக்காட்டு மலையில் தொடங்கி வடக்கே கர்நாடகத்தின் சிரசி, ஹொன்னாவரம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே அவை வாழ்கின்றன. உலகத்தில் வேறெங்கும் காட்டில் ஒரு சோலைமந்தி கிடையாது.

வெள்ளிப்பாசிக்கு இப்படிக் கணக்குப் போட வழியில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்கிற அதே இனம் நியூயார்க் நடைபாதையின் இடுக்கிலும், ஐரோப்பிய நகரங்களின் கூரைகளிலும், அண்டார்க்டிகாவின் கற்சரிவுகளிலும் வளர்கிறது. எல்லாக் கண்டங்களிலும் காலூன்றிய செடிகள் மிகக் குறைவு. அந்தச் சிறு பட்டியலில் இதுவும் உண்டு. செருப்பிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. மனிதன் சிமெண்ட் பூசிய இடமெல்லாம் அதற்குப் புது நிலம்.

குரங்கையும் பாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. குரங்கு மனிதனுக்கு உறவு. பாசி வழுக்கி விழவைக்கும் தொல்லை. குரங்கு மேலே, பாசி கீழே என்று ஏணிப்படியில் அடுக்கிப் பழகிவிட்டோம். ஆனால் அழிவின் விளிம்பில் நிற்பது அந்த ஏணியின் உச்சிக்கு அருகே இருப்பதாக நாம் நினைக்கும் உயிர். அடிப்படியில் இருப்பதாக நினைக்கும் உயிரோ எங்கும் பரவிக் கிடக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டு போனால், இரண்டு உயிர்களைப் பற்றியும் நம் மலைகளைப் பற்றியும் நிறையவே தெரியவருகிறது.

முதலில் மந்தி. உடம்பு முழுக்கக் கறுப்பு. முகத்தைச் சுற்றிக் கன்னத்திலிருந்து தாடை வரை வெளுத்த சாம்பல் நிறப் பிடரி. வாலின் நுனியில் ஒரு சிறு குஞ்சம். சிங்கவால் குரங்கு என்ற பெயர் அதனால் வந்தது. 1758இல் லின்னேயஸ் இதற்கு இருசொல் பெயர் சூட்டினார். இன்றைய அறிவியல் பெயர் மகாகா சைலெனஸ். கோயில் வாசல்களில் தேங்காய் பிடுங்கும் நாட்டுக்குரங்கு இதற்குத் தூரத்து உறவுதான். நெருங்கிய சொந்தங்களான பன்றிவால் குரங்குகள் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியக் காடுகளிலும் இருக்கின்றன. இடையில் இருந்த காடுகள் வறண்டு போனபின், அந்தக் கிளையில் இந்தியத் தீபகற்பத்தில் தனித்து நின்றது சோலைமந்தி மட்டுமே.

அது மரத்தில் வாழும் விலங்கு. தூங்குவது, தின்பது, சண்டையிடுவது, குட்டி வளர்ப்பது எல்லாம் உச்சிக் கிளைகளில். பெரும்பாலும் ஒரு வளர்ந்த ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று பத்து முதல் இருபது வரை கொண்ட கூட்டம். பழமும் விதையும் பூவும் முக்கிய உணவு. மிச்ச நேரத்தில் பட்டை இடுக்கையும், பட்ட கிளையையும், மரத்தில் படர்ந்த பாசியையும் விரலால் கிளறிப் பூச்சி தேடும். உடம்பெல்லாம் சுணை கொண்ட கம்பளிப்பூச்சி கிடைத்தால் அப்படியே வாயில் போடாது. ஓர் இலையைப் பறித்து, பூச்சியை அதில் வைத்துத் தேய்த்துச் சுணையை நீக்கிய பிறகே தின்னும். ஆய்வாளர்கள் இதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றையும் தாயின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டிய வாழ்க்கை அது.

அடுத்து பாசி. கிணற்று நீரில் வளர்வதையும் சுவரில் படர்வதையும் நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் இரண்டும் வேறு. சுவரில் இருப்பது தண்டும் இலையும் கொண்ட தரைத் தாவரம். உலகில் சுமார் 12,000 வகைப் பாசிகள் உண்டு. வெள்ளிப்பாசிக்கு அறிவியல் பெயர் பிரையம் அர்ஜென்டியம். 1801இல் தாவரவியலாளர் யோஹான் ஹெட்விக்கின் நூல் வழியாக இந்தப் பெயர் நிலைபெற்றது. பழனி மலையின் பாசிகளைச் சேகரித்துப் பட்டியலிட்டவர் செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஃபொரோ. அவர் உழைப்பு இல்லாவிட்டால் தென்னிந்தியப் பாசிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதிகூட இருக்காது.

வெள்ளிப்பாசியைப் பார்க்கக் குனிந்து உட்கார வேண்டும். கையில் ஒரு உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நல்லது. வெறுங்கண்ணுக்கு அது சாம்பல் கலந்த பச்சைத் திட்டு. கண்ணாடி வழியே பார்த்தால் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள நூற்றுக்கணக்கான தண்டுகள் நெருக்கியடித்து நிற்பது தெரியும். ஒவ்வொரு தண்டிலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத இலைகள், ஓட்டுக்கூரையில் ஓடு பதித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுநரம்பை விட்டுப் பார்த்தால் இலையின் கனம் ஒரே ஒரு செல். இலையின் அடிப்பகுதி பச்சை. மேல்பகுதியில் பச்சையமே இல்லை. அங்குள்ள செல்கள் வெறுமையானவை, ஒளியை ஊடுருவ விடுபவை. வெயிலில் வெள்ளி மினுக்கம் தருவது அவைதான். அந்த மினுக்கம் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, கீழே உள்ள பச்சைச் செல்களைக் காக்கிறது. உச்சிவெயில் கொதிக்கும் சிமெண்டில் ஒரு செடி நிற்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேர் கிடையாது. கல்லைப் பற்றிக்கொள்ள நூலிழைகள் உண்டு, அவ்வளவுதான். மற்றச் செடிகளுக்கு இருப்பதுபோன்ற நீர்க்குழாய்களும் இல்லை. மழையும் பனியும் இலைமேல் விழும்போது நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்றால் காய்ந்து சுருங்கும். இலையில் ஈரமே இல்லாத அளவுக்குக் காய்ந்தாலும் சாகாது. உள்ளே எல்லா வேலைகளும் நின்றிருக்கும். மீண்டும் ஒரு சொட்டு விழுந்தால் சில நிமிடங்களில் இலை விரிந்து பச்சை தெரியும். கோடை முழுவதும் நின்றுபோய், முதல் மழையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வாழ்க்கை அது.

சோலைமந்தியால் ஒருநாள்கூட இப்படி நிற்க முடியாது. மூன்று முதல் பத்து கிலோ எடையுள்ள வெப்ப இரத்த உடம்பு, மழைநாளோ வெயில்நாளோ, சோறு கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அதற்குத் தேவை ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு மரத்தில் ஏதாவது ஒன்று பூத்தோ காய்த்தோ இருக்கும் காடு. களக்காடு, முண்டந்துறைப் பக்கத்து மழைக்காடுகளில் வெடிப்பலா என்றொரு மரம் உண்டு. பலாவைப்போல் முள் கொண்ட காய். பூக்கள் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக வரும். பழம் குறைந்த வறண்ட மாதங்களில் அது பூக்கிறது. அப்போது மந்தியும் வௌவாலும் அணிலும் அதை நம்பியே இருக்கின்றன. அங்குள்ள கக்கச்சியில் கணேஷ், சௌபத்ரா தேவி ஆகியோர் செய்த ஆய்வு, இந்த மரத்தின் மகரந்தச் சேர்க்கையில் பாலூட்டிகளுக்குப் பங்கு இருப்பதைக் காட்டியது. வெடிப்பலா இல்லாத காட்டில் மந்திக்குக் கோடை நீளம்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது இனப்பெருக்கத்தில்.

ஆனைமலையில் நடந்த நீண்டகால ஆய்வுகளின்படி, ஒரு பெண் சோலைமந்தி முதல் குட்டியை ஈனுவது ஏறத்தாழ ஆறரை வயதில். சூல்காலம் ஆறு மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. 20 வயது வரை நலமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஐந்து குட்டிகள் பிறக்கலாம். அத்தனையும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நாட்டுக்குரங்கைவிடவும் மெதுவான கணக்கு இது. மழைக்காடு உடையாமல் இருந்தவரை இந்த மெதுவான கணக்கு நன்றாகவே ஓடியது. குட்டி குறைவு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வளர்ப்பு என்பதில் தவறு எதுவும் இல்லை. அவசரமாக ஈடுசெய்ய வேண்டிய இழப்புகள் வரத் தொடங்கிய பிறகுதான் அது ஆபத்தாக மாறியது.

பாசிக்கு இரண்டு வழி. முதல் வழி எளிது: உடைவது. வெள்ளிப்பாசியின் இலைக்கக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு மொட்டுகள் உண்டாகும். மழைத்துளி விழுந்தாலோ கால் பட்டாலோ அவை கழன்று விழுந்து, விழுந்த இடத்தில் புதுச் செடியாகும். மொட்டுகூட வேண்டாம், தண்டின் நுனித் துண்டு போதும். பாசியின் ஏறக்குறைய எந்தச் செல்லுக்கும் முழுச் செடியாக மறுபடி வளரும் திறன் உண்டு. நடைபாதையில் ஆயிரம் பேர் மிதிக்கும்போது நாம் அதை நசுக்குவதாக நினைக்கிறோம். உண்மையில் நட்டுக்கொண்டு போகிறோம்.

இதனால்தான் அதை எண்ண முடியாது. உள்ளங்கை அகலத் திட்டில் ஆயிரக்கணக்கான தண்டுகள் இருக்கலாம். அத்தனையும் ஒரே தாய்த்துண்டிலிருந்து பிரிந்த ஒரே மரபணு கொண்டவையாக இருக்கலாம். அது ஒரு செடியா, ஆயிரம் செடியா? மந்திக்கு இந்தச் சிக்கல் இல்லை. காது கிழிந்தது, விரல் இழந்தது, பிடரி அடர்ந்தது என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். அழியும் உயிர்களுக்கான பட்டியல்களும் சட்டங்களும் இப்படித் தனித்தனியாக எண்ண முடிகிற உயிர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் உருவானவை.

இரண்டாவது வழி கலவி. பாசிக்கும் ஆண், பெண் உண்டு. வெள்ளிப்பாசியில் இரண்டும் தனித்தனிச் செடிகள். ஆண் செடி விந்தணுக்களை வெளியிடும். அவை நீரில் நீந்திப் பெண் செடியை அடைய வேண்டும். மழைநீர்ப் படலத்தில் அந்த நீச்சல் சில சென்டிமீட்டருக்கு மேல் போவது கடினம். அப்படியானால் தள்ளியிருக்கும் செடிகள் எப்படிச் சேர்கின்றன? 2006இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே வெள்ளிப்பாசியைத்தான்.

நீர் தேங்காதபடி உறிஞ்சிவிடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தளத்தில் ஆண் திட்டையும் பெண் திட்டையும் வைத்தார்கள். சிலவற்றில் இரண்டும் ஒட்டியிருந்தன; சிலவற்றில் இடையே 2 சென்டிமீட்டர், சிலவற்றில் 4 சென்டிமீட்டர் இடைவெளி. சில பெட்டிகளில் ஸ்பிரிங்டெயில் எனப்படும் துள்ளும் சிற்றுயிர்களையும் மைட் எனப்படும் சிற்றுண்ணிகளையும் விட்டார்கள். ஒட்டி வைத்த திட்டுகள் யாருடைய உதவியும் இல்லாமல் கருவுற்றன. இடைவெளி விட்டவற்றில், அந்தச் சிற்றுயிர்கள் இருந்த பெட்டிகளில் மட்டுமே கரு உண்டானது. அவை ஊர்ந்து போகும்போது உடம்பில் விந்தணுவைச் சுமந்து போயிருக்கின்றன. வெறும் செடிகளைவிடக் கருவுறத் தயாராக இருந்த செடிகளையே அவை அதிகம் நாடின. பூவும் வண்டும் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே தரையில் தோன்றிவிட்ட ஒரு தாவரக் குலத்துக்குக் கலவித் தூது போகப் பிராணிகள் இருக்கின்றன என்பது தாவரவியலாளர்களுக்கே பெரும் வியப்பு.

அந்த விந்தணுவை மின்நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னொரு வியப்பு. அதற்கு இரண்டு வால்கள் உண்டு. வாலைக் குறுக்கே வெட்டினால், ஓரத்தில் ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவில் இரண்டு ஒற்றைக் குழல்களும் தெரியும். சோலைமந்தியின் விந்தணு வாலிலும் இதே ஒன்பதும் இரண்டும்தான், மனிதனுடையதிலும் அதுவே. ரோஜாவுக்கும் நெல்லுக்கும் மாமரத்துக்கும் இந்த நீந்தும் வால் கிடையாது. பூக்கும் தாவரங்கள் அதை இழந்துவிட்டன. இந்த ஒரு விஷயத்தில் பாசி மாமரத்தைவிட மந்திக்கு நெருக்கமாக நிற்கிறது.

தாவரக் கிளையும் விலங்குக் கிளையும் பிரிந்து 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கும் என்று மரபணுக் கணக்குகள் காட்டுகின்றன. அவ்வளவு பழைய பிரிவுக்குப் பிறகும் பாட்டன் சொத்து இரண்டு வீட்டிலும் பத்திரமாக இருக்கிறது. டி.என்.ஏ. எழுத்துகளைப் புரதமாக மாற்றும் விதி ஒன்றே. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றே. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்ற ஆய்வுக்கூடப் பாசியின் விந்தணு, பெண் செடியை நோக்கி வழி கண்டு நீந்துவதற்குக் குளூட்டமேட் ஏற்பிகளை ஒத்த புரதங்கள் தேவை என்று அது காட்டியது. குரங்கின் மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்ல உதவும் ஏற்பிகள் அந்தக் குடும்பத்தவை. மூளையே இல்லாத செடியில் அதன் உறவினர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மரபணுக்களின் எண்ணிக்கையை வைத்து மேல், கீழ் சொல்லலாம் என்று பார்த்தால் அதுவும் உதவாது. அந்த ஆய்வுக்கூடப் பாசியின் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டபோது அதில் 30,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரிந்தன. புரதம் செய்யும் மரபணுக்கள் குரங்குகளுக்கும் மனிதர்களுக்கும் சுமார் 20,000. இடம் பெயர்ந்து தப்பிக்க முடியாத பாசிக்கு வறட்சி, வெயில், உப்பு, பூஞ்சை என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள்ளேயே பதில் வேண்டியிருக்கிறது. ஆனால் அது எல்லாவற்றையும் ஒற்றைப் பிரதியில் வைத்திருக்கிறது. மந்தியின் ஒவ்வொரு செல்லிலும் தாயிடமிருந்து 21, தந்தையிடமிருந்து 21 என 42 குரோமோசோம்கள். நாம் பார்க்கும் பச்சைப் பாசியின் செல்லில் ஒரே தொகுதிதான். கெட்டுப்போன மரபணு ஒன்று வந்தால் அதை மறைத்துத் தாங்க இன்னொரு பிரதி இல்லை. அப்படி இருந்தும் அது உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

ஆக, பாசி பிழைத்ததும் மந்தி தவிப்பதும் யார் உயர்ந்தவர் என்பதால் நடந்ததல்ல. உடைப்பு என்ற ஒரே நிகழ்வு ஒன்றைப் பெருக்குகிறது, இன்னொன்றை ஒடுக்குகிறது. இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வால்பாறைக்குப் போக வேண்டும்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருவது வால்பாறைப் பீடபூமி. 1890களில் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் வைக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் இன்று தோட்டங்களுக்கு நடுவே சிறிதும் பெரிதுமாகப் பல டஜன் காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. பிறகு அணைகள் வந்தன, சாலைகள் வந்தன. ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் இடையே தேயிலை. இடுப்புயரத் தேயிலையில் மந்திக்குப் பிடிக்கக் கிளை இல்லை, ஒளிய இலை இல்லை.

சோலைமந்திச் சமூகத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குவார்கள். வயதுக்கு வந்த ஆண்கள் வெளியேறி வேறு கூட்டம் தேடுவார்கள். புதிய இரத்தம் கலக்க அதுதான் வழி. இரண்டு பாசித் திட்டுகளுக்கு நடுவே 4 சென்டிமீட்டரை ஒரு ஸ்பிரிங்டெயில் கடந்துவிடுகிறது. இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர் தேயிலையை ஒரு இளம் ஆண்மந்தி கடக்க வேண்டுமானால் நாயும் வண்டியும் மின்கம்பியும் தாண்டித் தரையில் நடக்க வேண்டும். ஆண்கள் அப்படி நடக்கத் துணியாத துண்டுகளில் உறவுக்குள்ளேயே கலப்பு நடந்து சந்ததி நலியலாம்.

வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் இன்னொரு கதை. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்தக் காட்டுத் துண்டில் மந்திகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறியது. சில பத்துகளாக இருந்தவை முப்பது ஆண்டுகளில் நூற்றைம்பதைத் தாண்டின. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் அவரோடு பணியாற்றியவர்களும் பல்லாண்டுகளாக இந்தக் கூட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறியதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. இடம் போதாத மந்திகள் தரைக்கு இறங்கின. காப்பிப் பழம் தின்றன, குப்பைத்தொட்டியைக் கிளறின, தொழிலாளர் குடியிருப்புகளின் கூரையில் ஏறி அடுப்படி வரை வந்தன. பலவீனமான தகரக் கூரைக்குக் கீழே வாழும் குடும்பத்துக்கு அது உண்மையான தொல்லை. அதை அலட்சியப்படுத்திக்கொண்டு பாதுகாப்பு பேசுவது நியாயமில்லை. சாலையில் வண்டி அடித்துச் செத்தவையும் உண்டு.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் சாலையின் இருபக்க மரங்களையும் இணைத்து உயரத்தில் தொங்குபாலங்கள் கட்டினார்கள். மந்திகள் சில நாள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் பிறகு அதில் நடக்கக் கற்றுக்கொண்டன. கூட்டம் சாலையைக் கடக்கும் நேரத்தில் வண்டிகளை நிறுத்தி மெதுவாகப் போகச் சொல்ல உள்ளூர்க்காரர்களைக் காவலுக்கு வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் நீட்டும் முறுக்கும் பழமும்தான் மந்திகளைச் சாலைக்கு இழுக்கின்றன என்பதைப் பயணிகளிடம் எடுத்துச் சொல்வதும் அந்தக் காவலர்களின் வேலை.

காட்டுத் துண்டுகள் தவிரப் பெரிய காடுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று தப்பியதே இந்த மந்தியின் பெயரால்தான். 1970களில் கேரளத்தின் சைலண்ட் வேலியில் குந்திப்புழைக்குக் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டார்கள். ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட கணக்கில், காட்டில் மிஞ்சிய சோலைமந்திகள் சுமார் 400 மட்டுமே என்று மதிப்பிட்டிருந்தார்கள். பின்னாளில் முழுமையான கணக்கெடுப்புகள் அதைவிட அதிகம் காட்டின என்றாலும், அன்று அந்த எண் அதிர்ச்சி தந்தது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் பேசியது. ஆசிரியர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் சேர்ந்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தியால் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. இந்தியச் சுற்றுச்சூழல் இயக்க வரலாற்றில் ஒரு குரங்கு இத்தனை பெரிய இடம் பிடித்தது அதுவே முதல்முறை.

அந்தப் போராட்டத்தில் யாரும் பாசிக்காகக் குரல் கொடுக்கவில்லை. பாசிக்காக மட்டும் கொடுத்திருந்தால் அணைத் திட்டம் கைவிடப்பட்டிருக்காது. ஆனால் மந்தியின் காடு நின்றபோது, அந்தக் கிளைகளில் தொங்கிக்கொண்டிருந்த பாசிகளும் சேர்ந்து நின்றன. இங்கேதான் ஒப்பீட்டின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. மழைக்காட்டு மரங்களில் படரும் பாசிகள் பெரும்பாலும் வெள்ளிப்பாசியின் குணம் கொண்டவை அல்ல. அவற்றுக்கு நிழலும் நாளெல்லாம் மாறாத ஈரமும் வேண்டும். சுற்றியுள்ள மரங்களை வெட்டி வெயிலும் காற்றும் உள்ளே புகுந்தால் மந்தி போவதற்கு முன்பே அவை காய்ந்து உதிரும். அவற்றை யாரும் எண்ணுவதில்லை, போனதும் தெரிவதில்லை. எண்ணிப் பார்த்த ஐரோப்பாவில் நிலைமை தெரிந்தது. 2019இல் வெளியான ஐரோப்பியச் செம்பட்டியல் அங்குள்ள 1,800க்கும் மேற்பட்ட பாசி, பாசியொத்த தாவர இனங்களை ஆராய்ந்து, ஐந்தில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது.

அதேபோல் குரங்குகள் எல்லாம் சோலைமந்திகளும் அல்ல. வட இந்தியாவின் ரீசஸ் குரங்கு ரயில் நிலையத்திலும் சந்தையிலும் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. வெள்ளிப்பாசியோடு அதற்குத்தான் பொருத்தம் அதிகம்: எது கிடைத்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் பழகிப்போன நாட்டுக்குரங்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். ஆனால் அதன் எண்ணிக்கையும் சரிந்து, பன்னாட்டுச் செம்பட்டியலில் அது இப்போது ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசைக்கு வந்துவிட்டது. 2017இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு, உலகின் 500க்கும் மேற்பட்ட குரங்கின உயிர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறது. எங்கும் இருப்பதாக நம்பும் உயிரைக் கவனிக்காமல் விடுவது எளிது. நாட்டுக்குரங்கின் கதை அதற்குச் சாட்சி.

கர்நாடகத்தில் 2000களின் தொடக்கத்தில் நடந்த கணக்கெடுப்பில், சிரசி, ஹொன்னாவரம் காடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சோலைமந்திக் கூட்டங்கள் இருப்பது தெரிந்தது. அவை சரணாலயங்களுக்கு வெளியே, ஊர்களுக்கு அருகே இருந்தன. அதன் தொடர்ச்சியாக 2011இல் அகநாசினி சிங்கவால் குரங்குக் காப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவில் இந்த இனத்துக்கென இனப்பெருக்க மையம் நடக்கிறது. கூண்டில் பிறந்த மந்தியைக் காட்டுக்கு அனுப்புவது எளிதல்ல. கம்பளிப்பூச்சியை இலையில் தேய்க்கக் கற்றுத்தர அங்கே காட்டில் வளர்ந்த தாய் வேண்டும், வெடிப்பலாவும் வேண்டும்.

அந்த வெடிப்பலாவைத்தான் வால்பாறையில் நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோர் 2000களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு பேசி, சிதைந்த காட்டுத் துண்டுகளில் மண்ணுக்குரிய மரங்களை மறுபடி நட்டு வருகிறார்கள். சாலையோரம் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி, முளைக்கவைத்து, மழைக்காலத் தொடக்கத்தில் கொண்டுபோய் நடுவது வேலை. உண்ணிச்செடியைப் பிடுங்கி, கன்றைச் சுற்றிக் களையெடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். நிழல் திரும்பினால் முதலில் வருவது மரப்பட்டையில் மெல்லிய பாசிப் படர்வு. கிளையும் கிளையும் உயரத்தில் தொட்டுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று நடும் கன்று பூத்துக் காய்க்கும்போது அதில் ஏறப்போவது இன்றைய குட்டிகளின் குட்டிகள். அதுவரைக்கும் சாலைக்கு மேலே தொங்குபாலமும், சாலையில் வண்டியை நிறுத்தும் காவலர்களும் தேவை.